ஆயிரம் என்றால் ஆயிரமா? தோட்டா நிரப்பும் சாமான்களை எண்ணிச் சரிபார்த்த குறிப்பு

பார்சல் வந்ததும் கத்தியைத் தேடாதீர்கள், தராசைத் தேடுங்கள். ரீலோடிங் சாமான் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இதுதான். பெட்டியைப் பிரித்து, பையைக் கிழித்து, பாதியை டப்பாவில் கொட்டிவிட்டு அப்புறம் "குறைகிறதே" என்று விற்றவருக்கு எழுதினால், அவர் நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. பிரிக்காத பெட்டி தராசின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று கையில் இருந்தால் பேச்சே வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, அதில் புது பிரைமர் (தட்டினால் பொறி கொடுக்கும் சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போகிற முனைக் குண்டு) வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் தேவை. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். அங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

நான் இருப்பது ஒஹாயோவில். இங்கே எரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஓர் இடம். 1907இலிருந்து தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளின் களம் அது. சர்வீஸ் ரைஃபிள், அதாவது ராணுவ மாதிரி ரைஃபிள் பிரிவில் ஒரு முழுச் சுற்றுக்கு 50 குண்டுகள். 200 கெஜத்தில் நின்றபடி 10, அதே தூரத்தில் உட்கார்ந்து வேகமாக 10, 300 கெஜத்தில் படுத்து வேகமாக 10, கடைசியில் 600 கெஜத்தில் நிதானமாக 20. .223 என்ற அளவுத் தோட்டா போடும் ரைஃபிள் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் முதல் மூன்று கட்டங்களுக்கு 77 கிரெயின் (கிரெயின் என்பது எடை அளவு) புல்லட்டும், 600 கெஜத்துக்கு 80 கிரெயினும் பயன்படுத்துவார்கள். அதாவது ஒரு போட்டிக்கு 77 கிரெயின் புல்லட் 30 செலவு. 500 புல்லட் உள்ள ஒரு பெட்டி இருந்தால் பதினாறு போட்டிக்கு வரும். ஒரே லாட் எண் உள்ள, அதாவது ஆலையில் ஒரே தொகுப்பாகச் செய்த பெட்டியாக இருந்தால் சீசன் முழுக்கத் துப்பாக்கியின் குறியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணிக்கையில் எனக்கு இருக்கும் அக்கறை இதில்தான் தொடங்குகிறது. பத்துப் புல்லட் குறைந்தால் போகிற காசு பெரிதில்லை. சீசனின் கடைசிப் போட்டிக்கு வேறு லாட்டைத் திறக்க வேண்டியிருப்பதுதான் தலைவலி.

இந்தத் தடவை வாங்கியவை: 77 கிரெயின் புல்லட் 500 உள்ள பெட்டி, கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு 9 மில்லிமீட்டர் 124 கிரெயின் செம்புப்பூச்சு புல்லட் 1,000, ஒரு தடவை சுட்ட .223 கூடுகள் 1,000, சிறிய ரைஃபிள் பிரைமர் 1,000, 8 பவுண்டு பவுடர் ஒரு டப்பா. பிரைமருக்கும் பவுடருக்கும் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் அது ஒரு அனுப்புதலுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், எடைக்கு இவ்வளவு என்று இருக்காது. அதனால் யாரும் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதில்லை. மொத்தமாக வாங்கி வைத்துவிடுவோம். மொத்தமாக வாங்குவதால் எண்ணுகிற வேலையும் மொத்தமாக வந்து சேரும்.

முதல் வேலை தராசைச் சோதிப்பது. என்னிடம் இருப்பது 5 கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சாதாரண சமையலறை டிஜிட்டல் தராசு. பவுடர் அளக்கிற சின்னத் தராசு தனியாக இருக்கிறது, அது இந்த வேலைக்கு ஆகாது. சோதிப்பதற்குப் படிக்கல் வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க ஐந்து சென்ட் நாணயம், நிக்கல், சரியாக 5 கிராம். வங்கியில் இரண்டு டாலர் கொடுத்தால் 40 நாணயம் உள்ள சுருள் தருவார்கள். காகிதத்தைப் பிரித்து வைத்தால் 200 கிராம் காட்ட வேண்டும். பத்துச் சுருள் வைத்தால் 2 கிலோ. அதிகம் புழங்கித் தேய்ந்த நாணயம் எடை கொஞ்சம் குறையும், ஆகவே புதிதாகப் பார்த்து எடுப்பது நல்லது. என் தராசு 2 கிலோவில் ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. சரி, நம்பலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தத் துறையில் எடை கிரெயினில் ஓடும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். சில தராசுகளில் ஒரே பட்டன் கிராமுக்கும் கிரெயினுக்கும் மாறும், திரையில் இரண்டுக்கும் காட்டும் குறி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எண்ணுகிறபோது இது குழம்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். பவுடர் அளக்கிறபோது குழம்பினால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். எனவே எந்த வேலைக்கும் முன்னால் ஒரு நிக்கலை வைத்து, கிராம் என்றால் 5, கிரெயின் என்றால் 77 என்று காட்டுகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

நிக்கலைப் பற்றிப் பேசும்போது 77 கிரெயின் புல்லட்டை விட முடியாது. 77 கிரெயின் என்பது 4.99 கிராம். ஒரு கையில் நாணயத்தையும் மறு கையில் புல்லட்டையும் வைத்தால் எடையில் வித்தியாசமே தெரியாது. 500 புல்லட் 2,495 கிராம் வர வேண்டும். இது போட்டித் தரப் புல்லட். ஒன்றுக்கு ஒன்று எடை மாறுவது மிகக் குறைவு, எடை போட்டு எண்ணுவதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. பெட்டியில் இருந்து பாத்திரத்துக்கு மாற்றி, பாத்திர எடையைக் கழித்துப் பார்த்தால் 2,495. நூறு மட்டும் எண்ணி வைத்தேன்: 499. கணக்கு அங்கேயே முடிந்தது. பெட்டியின் மேல் இருந்த லாட் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

9 மில்லிமீட்டர் புல்லட் வந்த கோலமே வேறு. எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரே கட்டணம் என்கிற வகை அட்டைப் பெட்டியில்தான் இவற்றை அனுப்புவது வழக்கம். செங்கல் அளவுப் பெட்டிக்குள் 8 கிலோ. வழியில் எத்தனை பேர் தூக்கி எறிந்தார்களோ, ஒரு மூலை வாய் பிளந்து, அதன் மேல் யாரோ டேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் பசையில் ஒரு புல்லட் ஒட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையும் கிழிந்திருக்கும் என்பது குலுக்கினாலே தெரிந்தது. மூலையையும் டேப்பையும் முகவரிச் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தேன்.

இந்த இடத்தில்தான் மாதிரி எடுக்கிற கணக்கு முக்கியமாகிறது. எடை போட்டு எண்ணுகிற பெரும்பாலானவர்கள் பத்து எடுத்து எடை போட்டு, பத்தால் வகுத்து, அந்த எடையால் மொத்தத்தை வகுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் பத்து வைத்தேன், தராசு 80 கிராம் காட்டியது. ஒன்று 8 கிராம். மொத்தத்தை இரண்டு பாகமாக நிறுத்தேன், ஏனென்றால் தராசு 5 கிலோவுக்கு மேல் தாங்காது: 4,012, 3,907. கூட்டினால் 7,919. எட்டால் வகுத்தால் 990. பத்துதான் குறைகிறது என்று விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு கிராம் துல்லியத் தராசு 80 என்று காட்டினால் உள்ளே இருப்பது 79.5க்கும் 80.5க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். அந்த அரைக் கிராம் சந்தேகம் பத்தில் ஒளிந்திருக்கிறது. ஆயிரத்துக்குப் பெருக்கினால் ஆறு புல்லட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். நூறு எண்ணி வைத்தால் அதே அரைக் கிராம் நூறில் கரைந்துவிடும். ஆயிரத்துக்கு ஒரு புல்லட்கூடத் தப்பாது. நூறு எண்ணி வைத்தேன்: 804. ஒன்று 8.04 கிராம். 7,919ஐ வகுத்தால் 985. பெட்டியில் எழுதியிருந்த 124 கிரெயினைக் கிராமாக்கினாலும் 8.035 வருகிறது, அதுவும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகிறது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று கையால் எண்ணினேன். 985 தான்.

பதினைந்து புல்லட். வழியில் எங்கோ ஒரு வேனின் தரையில் உருண்டுகொண்டிருக்கும். விற்றவருக்குப் படங்களுடன் நான்கு வரி எழுதினேன்: கிழிந்த மூலை, இரண்டு தராசுத் திரைகள், நூறின் எடை. குறை சொல்கிற தொனி எதுவும் வைக்கவில்லை, எண்களை மட்டும் வைத்தேன். சின்ன உறையில் இருபது புல்லட் வந்து சேர்ந்தது, இனிமேல் பையை இரட்டிப்பாகப் போடுகிறோம் என்ற குறிப்போடு. எழுதும்போது வெறுமனே "குறைவாக இருக்கிறது" என்று எழுதியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது கூடுகள். இந்த மொத்த வேலையிலும் நேரம் தின்றது இதுதான், சுவாரசியமும் இதில்தான்.

விற்றவர் சொன்னது, லேக் சிட்டி முத்திரை, ஒரு தடவை சுட்டது, ஆயிரத்துக்குக் குறையாது. லேக் சிட்டி என்பது மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரத்தில் 1941இல் தொடங்கிய ராணுவத் தோட்டா ஆலை. அங்கே செய்த கூட்டின் அடியில் எல்சி என்ற எழுத்தும், வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும், பலவற்றில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ குறியும் இருக்கும். .223 கூடு ஒன்று சுமார் 93 கிரெயின், 6 கிராமுக்குச் சற்று மேல். சுத்தமாகத் தெரிந்த நூறைப் பொறுக்கி நிறுத்தேன்: 603 கிராம். மொத்தம் 6,157 கிராம். வகுத்தால் 1,021. அடடா, தாராள மனசு என்று தோன்றும்.

ஆனால் பை கொஞ்சம் ஈரமாக இருந்தது. ஒரு கூட்டைத் தலைகீழாக உள்ளங்கையில் தட்டினேன். அரைச் சொட்டுத் தண்ணீரும் அதோடு ஏழெட்டு மணல் துகளும் விழுந்தன. கழுவிவிட்டுச் சரியாக உலர்த்தாமல் பையில் கட்டியிருக்கிறார்கள். புல்லட்டில் இந்தப் பிரச்சினை கிடையாது, அது உள்ளே எதுவும் தங்காத திடப் பொருள். கூடு பாத்திரம் மாதிரி, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு வருடத்துக்கு வருடம் கூட்டின் எடை சற்று மாறும். எனவே கூட்டை எடை போட்டு எண்ணுவது உத்தேசக் கணக்குதான். சரியான கணக்கு வேண்டும் என்றால் பலகைதான்.

பலகை என்று நான் சொல்வது 50 குழி உள்ள லோடிங் பிளாக். ரீலோடிங் செய்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒரு பலகை நிரம்பினால் 50, தாளில் ஒரு கோடு. எண்ணுவது என்கிற வேலையே இல்லை. நிரப்புவதுதான் வேலை, மனம் வேறெங்கோ போனாலும் கணக்கு தப்பாது. துணியில் பரப்பி ஓர் இரவு உலர வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருபது பலகையும் பதின்மூன்றும். 1,013. எடைக் கணக்கில் கூடுதலாகத் தெரிந்த எட்டுக் கூடு வெறும் தண்ணீரும் மணலும்தான்.

பலகையில் இன்னொரு லாபம், கெட்டது தானாகக் கண்ணில் படும். ஐம்பது கூடும் வாய் மேலே பார்த்து நிற்கும்போது ஒன்று மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் .300 பிளாக்அவுட் என்ற வேறு வகைத் தோட்டாவுக்காக வெட்டிய கூடு. .223 கூட்டைக் குட்டையாக்கிச் செய்வது அது. ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கும், அடியில் எல்சி முத்திரை அப்படியே இருக்கும். முத்திரையை மட்டும் பார்த்துப் பிரித்தால் தப்பிப் போய்விடும். இப்படி ஐந்து கிடைத்தன. கழுத்தில் கீறல் விட்டவை ஆறு. இதைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும். நாலைந்து கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குங்கள், நல்லவை கிணுகிணு என்று ஒலிக்கும், நடுவில் கீறல் விட்டது ஒன்று இருந்தால் அந்தச் சத்தம் மட்டும் செத்துப்போய்க் கேட்கும். வாய் நசுங்கிச் சரிசெய்ய முடியாதவை ஒன்பது. வேறு நாட்டு முத்திரை உள்ளவை நான்கு. ஆக 24 கழிந்து, உபயோகப்படுவது 989.

இதைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் கூடு என்றார், 1,013 தந்தார். சுட்ட கூடு வாங்கினால் கழிவு இருக்கத்தான் செய்யும். நூற்றுக்கு இரண்டு மூன்று போனால் நல்ல சரக்கு என்றே சொல்வேன். திட்டம் போடும்போது ஐந்து சதவீதம் கூட்டி வாங்குவது என் வழக்கம். ராணுவக் கூடுகளில் பிரைமர் குழியின் விளிம்பை அழுத்தி மடித்திருப்பார்கள், அதை நீக்கும்போது இன்னும் சில போகும். அது தனிக் கதை.

பிரைமர் விஷயத்தில் எண்ணுகிற ஆசையே கூடாது. கொட்டி எண்ணக் கூடாது, கிண்ணத்தில் போட்டு நிறுக்கக் கூடாது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது எல்லாம் சேர்ந்து வெடிக்கும். ஆலையில் அவற்றைத் தனித்தனிக் குழி உள்ள தட்டில் அடுக்குவது அதற்காகத்தான். ஆயிரம் என்பது நூறு நூறாகப் பத்துச் சின்ன அட்டைப் பெட்டி. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டையும் உறையில் இருந்து பாதி வெளியே இழுத்து, காலிக் குழி இருக்கிறதா, எதுவும் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே தள்ளினேன். மூடிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தும் பார்த்தேன். பத்தும் ஒரு கிராமுக்குள் ஒத்துப்போயின. ஆனால் ஒரு பிரைமர் சுமார் கால் கிராம்தான், ஒன்று குறைந்தாலும் இந்தத் தராசுக்குத் தெரியாது. கண்தான் இங்கே தராசு.

எண்ணிக்கையைவிட முக்கியம் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது. சிறிய ரைஃபிள் பிரைமரும் சிறிய பிஸ்டல் பிரைமரும் அளவில் ஒன்றே. குழிக்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும், கைக்கு வித்தியாசம் தெரியாது. ரைஃபிள் பிரைமரின் தகடு தடிமன், பிஸ்டலுடையது மெலிசு. மாறி வந்துவிட்டால் கண்டுபிடிக்கிற ஒரே இடம் அந்த லேபிள்தான்.

பவுடரை நான் பிரித்துப் பார்ப்பதில்லை. மூடிக்குக் கீழே ஆலை ஒட்டிய தாள் முழுசாக இருந்தால் போதும். 8 பவுண்டு என்பது 3,629 கிராம். டப்பாவோடு நிறுத்தேன், 4,009. இதே அளவில் போன வருடம் காலியான டப்பா ஒன்று மூடியோடு 372 கிராம். கழித்தால் 3,637. எட்டுக் கிராம் கூடவே இருக்கிறது, ஈரப்பதத்துக்குத் தகுந்தாற்போல் பவுடர் சற்று எடை கூடிக் குறையும். காலி டப்பாவை நிறுத்து அதன் எடையை எழுதி வைப்பது அடுத்த டப்பாவுக்கு உதவும், ஆனால் அதில் வேறு பவுடரைக் கொட்டி வைக்க மட்டும் கூடாது. பெயரையும் முழுசாகப் படிக்க வேண்டும்: எச்4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. எண் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

8 பவுண்டு என்றால் 56,000 கிரெயின். கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு 24 கிரெயின் என்று வைத்தால் 2,300 தோட்டாவுக்கு மேல் வரும். உண்மையான அளவை பவுடர் தயாரித்தவரின் கையேட்டில் மட்டும் பாருங்கள், என் கணக்கில் பார்க்காதீர்கள். ஆக, என்னிடம் உள்ள சாமான்களில் சீக்கிரம் தீரப்போவது பவுடர் இல்லை, 500 புல்லட்டும் 1,000 பிரைமரும்தான். அடுத்த ஆர்டரில் என்ன சேர்க்க வேண்டும் என்பதும் இதில் தெரிந்துவிட்டது.

வைக்கிற இடத்துக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதிப்படி வீட்டில் பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே 20 பவுண்டு வரை வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலத் தடிமன் மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000க்கு மேல் கூடாது. உள்ளூர் தீயணைப்பு விதி இதைவிடக் கறாராக இருக்கலாம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காமல் தனித்தனியாக வைக்கிறேன்.

கடைசியாக ஈயம். சுட்ட கூட்டின் உள்ளே படிந்திருக்கும் கரியில் ஈயம் இருக்கிறது, பிரைமரில் இருந்து வருவது. அந்த ஈர மணல் முழுக்க அதுதான். வேலை முடியும்வரை கையுறை, முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். தராசைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, அந்தத் தராசு இனிமே சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது. கேக் செய்ய நான் வேற வாங்கிக்கிறேன்." நியாயம்தான். தராசின் அடியில் சிவப்பு மார்க்கரால் "கராஜ்" என்று எழுதி, லோடிங் பிளாக் இருக்கும் தட்டிலேயே வைத்துவிட்டேன். நோட்டில் ஐந்து வரி: சரக்கு, லாட் எண், சொன்ன எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, உபயோகப்படுவது. கழித்த 24 கூடுகளின் வாயை இடுக்கியால் நசுக்கி, யாரும் தவறி எடுத்து நிரப்பிவிடாதபடி, கழிவுப் பித்தளை சேர்க்கும் வாளியில் போட்டாயிற்று. வாளி நிரம்பினால் உலோகக் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். அங்கே யாரும் எண்ணுவதில்லை.